எல்லைக் கோட்டில் நின்றுவிடும் பேச்சு

விளையாட்டைப் பற்றியும் தொலைக்காட்சியைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் ஆர்வத்தோடு பேசுவது கற்றோர்க்கு அழகன்று என்றோர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. பண்டிதர்கள் அதனை வீண்பேச்சு என்றார்கள். முற்போக்காளர் சிலரோ, மக்களை மயக்கும் அபின் என்று கூறி அத்தோடு அமைந்துவிட்டார்கள். இரு சாராரும் வெவ்வேறு வழிகளால் வந்து ஒரே முடிவை அடைந்துள்ளனர். மக்கள் நாள்தோறும் எதைப் பற்றி உற்சாகத்தோடு பேசுகிறார்களோ, அதைப் பற்றி நாம் பேசவேண்டியதில்லை என்பதே அம்முடிவு. இது சரிதானா என்று ஆராய்வது அவசியம்.

முதலில் அப்பேச்சின் தன்மையை நோக்குவோம். பஸ் தரிப்பிடத்திலும் தேநீர்க் கடையிலும் பாடசாலை மதிலோரத்திலும் நேற்றைய ஆட்டத்தைப் பற்றி நடைபெறும் விவாதத்தைச் செவிமடுப்போர் ஓர் உண்மையைக் காண்பர். 'அவர் நன்றாக ஆடினார்' என்று ஒருவர் கூறினால் மற்றவர் அவரை எளிதில் விடுவதில்லை. எத்தகைய ஆடுகளத்தில், எந்தப் பந்துவீச்சுக்கு எதிராக, எந்த நெருக்கடியில் என்று கேட்கிறார். சான்று கோரப்படுகிறது, ஒப்புநோக்கு நடைபெறுகிறது, பழைய ஆட்டங்கள் நினைவுக்குக் கொண்டுவரப்படுகின்றன. பட்டம் பெற்றவர் என்பதற்காக எவருடைய கருத்தும் அங்கு ஏற்கப்படுவதில்லை. இலக்கிய விமர்சனத்தில் நாம் வேண்டி நிற்பதும் இதுவேயன்றோ? வகுப்பறையில் ஒரு கவிதையைப் பற்றி ஆசிரியர் சொன்னதையே திருப்பி எழுதும் மாணவன், மைதான வாயிலில் தன் சொந்தத் தீர்ப்பைத் துணிவோடு கூறுகிறான். ஆகவே, சீர்தூக்கிப் பார்க்கும் ஆற்றல் பொதுமக்களிடம் இல்லை என்பது பொய். அவ்வாற்றல் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, அதனை நிறுத்துவோர் யார் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இக்கேள்விக்கு விடை காண முயன்றோருள் முதன்மையானவர் திரினிடாட்டைச் சேர்ந்த மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ். ஹெயிட்டி அடிமைகளின் புரட்சி வரலாற்றை 1938இல் எழுதிய அதே கரம், கால் நூற்றாண்டின் பின்னர் 1963இல் கிறிக்கெற்றைப் பற்றி 'எல்லைக் கோட்டுக்கு அப்பால்' எனும் பொருள்படும் நூலை எழுதிற்று. அவரது இளமைக்காலத் திரினிடாட்டில் விளையாட்டுக் கழகங்கள் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்து கிடந்தன. வெள்ளையருக்கு ஒரு கழகம், நிறம் வெளிறிய மத்தியதர வர்க்கத்தாருக்கு வேறொன்று, கறுப்பினத்துச் சிற்றூழியருக்கு மற்றொன்று. எனவே ஒருவர் எக்கழகத்தில் ஆடினார் என்று கேட்பதே சமுதாயத்தைப் பற்றிய கேள்வியாயிற்று.

ஜேம்ஸ் இவ்வுண்மையை நூலில் எழுதியதோடு நின்றுவிடவில்லை. மேற்கிந்திய அணியின் தலைமைப் பதவி வெள்ளையருக்கே உரியதாக இருந்துவந்த நிலையை எதிர்த்துத் தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் இயக்கம் நடத்தினார். 1948இல் ஜோர்ஜ் ஹெட்லி ஒரேயொரு டெஸ்ற் போட்டியில் மாத்திரம் அணியை நடத்தினார். 1960ஆம் ஆண்டிலேதான் பிராங்க் வொறெல் அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முழுவதற்கும் தலைவராக்கப்பட்டார். மக்கள் மைதானத்திலே பேசிக்கொண்டதைப் பத்திரிகை கூர்மைப்படுத்திற்று. கூர்மைப்பட்ட பேச்சு ஓர் அநீதியை அகற்றத் துணைநின்றது. விளையாட்டுப் பேச்சை அபின் என்று ஒதுக்குவோர் இவ்வரலாற்றுக்கு என்ன விடை கூறுவர்?

எனினும், அபின் என்னும் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நாம் வாதிக்க வரவில்லை. 1977இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி முதலாளி கெரி பக்கர், ஒளிபரப்பு உரிமை தமக்கு மறுக்கப்பட்டமையால், உலகின் சிறந்த ஆட்டக்காரர் பலரைக் கூலிக்கு அமர்த்தித் தனிப் போட்டித் தொடரையே நடத்தினார். மின்னொளி ஆட்டமும் வர்ண உடையும் வெள்ளைப் பந்தும் அங்கிருந்தே பரவின. ஆட்டக்காரர்களுக்கு அதுவரை கிடைத்த ஊதியம் அற்பமானது. அவர்கள் அவர் பக்கம் சென்றமையைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அன்று முதல் ஆட்டத்தின் உருவத்தையே தொலைக்காட்சியின் தேவை வகுக்கலாயிற்று. 2008இல் தொடங்கிய இந்தியன் பிரிமியர் லீக்கின் ஒளிபரப்பு உரிமை, 2023 முதல் 2027 வரையான ஐந்தாண்டுக்கு 48,390 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. அவ்வாட்டத்தில் ஒவ்வோர் அணியும் துடுப்பெடுத்தாடுகையில் இரு தடவை, இரண்டரை நிமிடம் ஆட்டம் நிறுத்தப்படுகிறது. வியூகம் வகுப்பதற்கு என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்நேரத்தில் திரையில் ஓடுவது வியூகமன்று, விளம்பரம்.

பிரித்தானிய இடதுசாரி விமர்சகர் றேமண்ட் வில்லியம்ஸ் 1968 முதல் 1972 வரை ஒரு சஞ்சிகையில் மாதந்தோறும் தொலைக்காட்சி விமர்சனம் எழுதினார். புகையிரதச் சமிக்ஞைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கேம்பிரிட்ஜில் இலக்கியம் கற்பித்த அவர், விளையாட்டு ஒளிபரப்பைப் பற்றி எழுதுவதை இழிவாகக் கருதவில்லை. தொலைக்காட்சியில் தனித்தனி நிகழ்ச்சிகளைக் காட்டிலும், செய்தியும் நாடகமும் விளம்பரமும் இடையறாது ஒன்றோடொன்று கலந்தோடும் ஓட்டமே முக்கியமானது என்று 1974இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். அவ்வோட்டத்திலே அகப்பட்டோர் ஆறவமர்ந்து சிந்திக்க இடமில்லை. திரை அணைந்த பின்னர் மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வேளையே அவ்வோட்டம் தடைப்படும் வேளை. அதனாற்றான் அப்பேச்சையும் நிறுவனங்கள் தம் வசமாக்க முயல்கின்றன. இந்தியக் கிறிக்கெற் சபை நேர்முக வர்ணனையாளரைத் தானே ஒப்பந்தம் செய்துகொண்ட காலமும் உண்டு. ஊதியம் கொடுப்பவரின் குறையை ஊதியம் பெறுபவர் எவ்வாறு எடுத்துரைப்பார்?

நம் நாட்டிலோ சந்தையோடு மற்றோர் எல்லைக்கோடும் உண்டு. 1996 மார்ச் 17ஆந் திகதி லாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைப் பெற்றது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது எடுத்த 107 ஓட்டங்களின் அழகை யாரும் மறுப்பதற்கில்லை. அன்று நாடே தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். வலிகாமத்து மக்கள் பெருந்தொகையினராக வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்து அப்போது ஐந்து மாதங்கூட ஆகவில்லை. 'நாடே' என்னும் அச்சொல்லுக்குள் அவர்கள் அடங்குவரா? அந்த ஆட்டத்தை இரசித்தவர் இக்கேள்வியைக் கேட்பதால் இரசனை குன்றிவிடாது. கேட்காதிருப்பதால் உண்மைதான் குன்றும்.

முத்தையா முரளிதரனைப் பற்றிய பேச்சும் இத்தகையதே. 1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்போணில் நடுவர் டரெல் ஹெயார் அவரது பந்துவீச்சை ஏழு தடவை முறையற்றதென்றார். அதன்பின் பல ஆண்டுகள் உலகெங்கும் முழங்கையின் வளைவு பற்றி மக்கள் விவாதித்தனர். ஈற்றில் விஞ்ஞான முறையில் அளந்து பார்த்தபோது, குறையற்றவரெனக் கருதப்பட்ட பந்துவீச்சாளர் பலரும் கையைச் சிறிதளவு நீட்டியே வீசுகின்றனர் என்பது தெரியவந்தது. 2005 முதல் எல்லோருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை எல்லை வகுக்கப்பட்டது. கண்ணாற் கண்டதே உண்மை என்போருக்கு இது நல்லதோர் பாடம்.

ஆனால் முழங்கையை இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்த நம்மவரின் பேச்சு, அக்கைக்கு உரியவரின் பரம்பரையை ஆராயவில்லை. அவர் பாட்டனார் தேயிலைத் தோட்டத்து வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். அத்தகையோரின் வழித்தோன்றல்கள் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ற் விக்கெற்றை அவர் வீழ்த்தியபோது அவரைத் தேசத்தின் மைந்தர் என்று போற்றியோர், அச்சட்டத்தை நினைவுகூர்ந்தனரா? மறுபுறத்தில், அவர் வாழ்க்கையைப் படமாக்க முனைந்தபோது அவரது அரசியற் கூற்றுகளைக் காட்டித் தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2020 ஒக்டோபரில் நடிகர் விஜய் சேதுபதி விலகினார். 2023இல் வேறொரு நடிகரோடு படம் வெளிவந்தது. அவர் கூற்றுகளை விமர்சிக்க எவர்க்கும் உரிமையுண்டு. ஆயினும் வீரர் என்றும் துரோகி என்றும் இரண்டே சொற்களாற் பேசி முடித்த அவ்விவாதத்தில், மலையகத் தொழிலாளரின் வரலாறு இரு தரப்பாருடைய வாயிலும் அரிதாகவே வந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யவேண்டியது என்ன? இப்பேச்சை இகழ்வதன்று; அதனோடு சேர்ந்து கூச்சலிடுவதுமன்று. அதிலுள்ள சான்று கேட்கும் பழக்கத்தை எல்லைக் கோட்டுக்கு அப்பாலும் கொண்டுசெல்வதே. தோட்டப் பாடசாலைகளுள் எத்தனைக்கு மைதானமும் பயிற்சியாளரும் உண்டு? நம் ஊர்க் கழகங்களில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இல்லை? 2024 ஜூலையில் தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றதே, அதைப் பற்றி எத்தனை தேநீர்க் கடைகள் பேசின? ஒரு நல்ல ஆட்டத்தைக் கண்டு மகிழும் மாணவனிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். விடை தேடும் ஆற்றல் அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேள்விதான் இதுவரை அவனுக்குக் கொடுக்கப்படவில்லை.