ஸ்காட்லாந்தின் காடும் கதையும்

ஸ்காட்லாந்து நாடு முழுவதையும் முற்காலத்தில் 'கலிடோனியப் பெருங்காடு' மூடியிருந்தது என்றும், உரோமரும் அவருக்குப் பின்வந்த ஆட்டுப் பண்ணையாருமே அதனை அழித்தனர் என்றும் கூறுவார் பலர். மரம் நடுவதை ஊக்குவிப்போரிடையே இக்கருத்து இன்றும் செல்வாக்குடன் நிலவுகின்றது. கேட்பதற்கு உருக்கமான கதைதான். ஆயின் அந்நாட்டு மண் கூறும் சான்று வேறு.

அபர்டீன் நகருக்கு மேற்கே, டீ ஆற்றின் கரையில், பால்பிரிடி என்னும் இடத்தில் ஒரு விளைநிலம் உள்ளது. 1976ஆம் ஆண்டுக் கடுங்கோடையில் வானிலிருந்து எடுத்த படத்தில், அந்நிலத்துப் பயிரினூடே ஒரு பெருங்கட்டடத்தின் உருவம் தெரிந்தது. பழங்குழிகள் உள்ள இடத்தில் ஈரம் நெடுநாள் தங்கும். பயிரும் அங்கே நெடுநாள் பசுமை மாறாது நிற்கும். அவ்வேறுபாடே படத்தில் பதிந்தது. வடிவத்தை நோக்கிய அறிஞர், உரோமர் ஆட்சிக்குப் பிற்பட்ட சில நூற்றாண்டுகளுக்குள் வாழ்ந்த தலைவன் ஒருவனின் மரமண்டபம் அது எனக் கருதினர். 1977 முதல் 1981 வரை அகழ்ந்து, கிடைத்த கரியின் வயதைக் கதிரியக்க முறையால் கணித்தபோது, அது கி.மு. 4000ஐ அடுத்து வந்த புதிய கற்காலத்தது எனத் தெரிந்தது. நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேறுபாடு! உருவ ஒற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு காலத்தை வரையறுத்தல் எத்துணை இடர்ப்பாடுடையது என்பதற்கு வேறு சான்று வேண்டா. சான்று வந்தவுடன் கருத்தை மாற்றிக்கொண்ட ஆய்வாளரின் நேர்மை போற்றத்தக்கது.

ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுடைய அம்மண்டபம் தீக்கிரையானது. எனினும், கரிந்து போனமையாலேயே அங்கிருந்த தானியம் மட்காது எஞ்சியது. எம்மர் என்னும் பழங்கோதுமையும் பார்லியுமாக 20,000க்கு மேற்பட்ட மணிகள் கிடைத்தன. ஆற்றின் எதிர்க்கரையில் கிராத்தஸ் என்னும் ஊரின் வாரன் வயலிலும், ஏறத்தாழ அதே காலத்தைச் சேர்ந்த ஓக் மரமண்டபம் ஒன்று 2004-2006 அகழ்வில் வெளிப்பட்டது. பெருமரங்கள் கிடைத்தமையால் அருகே முதிர்ந்த காடு இருந்தது என்பதும், தானியம் மிகுதியாகக் கிடைத்தமையால் அக்காட்டினிடையே கழனியும் இருந்தது என்பதும் பெறப்படும்.

ஆகவே, உரோமர் வருமுன் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக உழவர் அந்நாட்டிற் காடு திருத்தி வந்துள்ளனர். ஏரிச் சேற்றிற் படிந்துள்ள பழைய பூந்தாதுக்களும், மரங்கள் படிப்படியாகக் குறைந்து புல்வெளி பெருகியதைக் காட்டுகின்றன. உழவர் மட்டுமே காரணமல்லர். ஈரம் மிகுந்து, பீட் எனப்படும் சதுப்புமண் படர்ந்தமையாலும் காடு சுருங்கிற்று.

பிளினி என்னும் உரோம ஆசிரியர் கலிடோனியக் காட்டைக் குறித்துள்ளாரே எனின், ஒரு காட்டிற்குப் பெயர் இருந்தமை நாடெங்கும் காடு இருந்ததற்குச் சான்றாகாது. உரோமர் கி.பி. 142ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கிய அந்தோனைன் சுவரை நோக்குக. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுவர், கல்லடித்தளத்தின்மேல், புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி எழுப்பப்பட்டது. அவ்வழி நெடுகப் பெருங்காடே நின்றிருப்பின், அத்துணைப் புற்றரை எங்கிருந்து கிடைத்திருக்கும்?

மரம் நடுதல் நற்பணியே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவாய்ச் சுருங்கியிருந்த ஸ்காட்லாந்துக் காடு, இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக வளர்ந்துள்ளது. அந்நற்பணிக்குப் பிழைபட்ட வரலாறு துணையாக வேண்டுவதில்லை. அவ்வரலாற்றை நம்பி, பழைய கழனிகளையெல்லாம் வெற்றிடமென எண்ணி மரம் நடுவோமாயின், வேர்கள் ஊடுருவிக் கீழுள்ள சான்றுகளைச் சிதைத்துவிடும். காட்டை வளர்ப்போர், நடுமுன் அந்நிலத்தை ஆராய்ந்தறிதல் கடனாகும்.