நீலச் சாயமும் தடுப்புக்கல்லும்: லண்டனின் மிதிவண்டித் தடங்கள்

சாலையில் மிதிவண்டிக்கு இடம் ஒதுக்குவது ஒன்று, அந்த இடத்தைப் பாதுகாப்பானதாக ஆக்குவது வேறொன்று என்பதை லண்டன் மாநகரம் பல உயிர்களை இழந்த பிறகே ஏற்றுக்கொண்டது. மேயர் போரிஸ் ஜான்சன் காலத்தில், 2010 ஜூலையில், நகர மையத்தை நோக்கிச் செல்லும் மிதிவண்டிப் பெருவழிகளில் முதலிரண்டு திறக்கப்பட்டபோது, அவற்றின் பெரும்பகுதி பிரதான சாலையோரத்தில் பூசிய நீலச் சாயமாகவே இருந்தது. 2011 இல் கிழக்கு லண்டனின் போ ரவுண்டானாவில் மிதிவண்டியில் சென்ற இருவர் சில வார இடைவெளியில் லாரிகளில் சிக்கி இறந்தனர். அதை விசாரித்த மரண விசாரணை அதிகாரி, நீலப் பட்டை மிதிவண்டியில் செல்வோருக்குப் பொய்யான பாதுகாப்புணர்வைத் தருவதாக 2013 இல் எச்சரித்தார். அதே ஆண்டு நவம்பரில், இரண்டே வாரங்களில் மிதிவண்டியில் சென்ற ஆறு பேர் நகரெங்கும் விபத்துகளில் உயிரிழந்தனர்.

சாயத்தின் குறை அதன் நிறத்திலோ அகலத்திலோ இல்லை. அது சந்திப்பை வந்தடையும்போது எதுவும் செய்யாமல் கைவிட்டுவிடுவதில் இருக்கிறது. பிரிட்டனிலும் வண்டிகள் இடப்பக்கமாகவே செல்வதால், இடது ஓரத்தில் நேராகப் போக நிற்கும் மிதிவண்டியும் இடப்புறம் திரும்பவிருக்கும் லாரியும் ஒரே பச்சை விளக்கில் ஒரே கணத்தில் நகர்கின்றன. உயரமான ஓட்டுநர் அறையிலிருந்து பார்ப்பவருக்கு, முன்சக்கரத்தை ஒட்டி நிற்பவர் கண்ணிலேயே படுவதில்லை. இதற்குக் காணப்பட்ட தீர்வுகள்தாம் லண்டன் முயற்சியின் தலைசிறந்த பகுதி எனலாம். மிதிவண்டிக்கு மட்டும் கண் மட்டத்தில் சிறு விளக்கு வைத்துச் சில நொடிகள் முன்னதாகப் பச்சை காட்டுவது ஒரு முறை; மிதிவண்டி நேராகச் செல்லும் நேரம் முழுவதும் இடப்புறம் திரும்பும் வண்டிகளைச் சிவப்பில் நிறுத்திவைப்பது இன்னொரு முறை. பின்னதே மேலானது, ஏனெனில் முன்னது விளக்கு மாறும் தருணத்தில் வந்து நிற்பவரை மட்டுமே காக்கிறது. லாரிகளையும் நகரம் விட்டுவைக்கவில்லை: ஓட்டுநர் கண்ணுக்கு நேரடியாகத் தெரியும் பரப்பை அளந்து நட்சத்திரத் தரம் வழங்கி, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயம் என்னும் விதி 2021 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ளது.

2016 இல் தேம்ஸ் கரையோரம் விக்டோரியா எம்பாங்க்மென்ட்டில் திறக்கப்பட்ட இருவழித் தடம், வண்டிப் போக்கிலிருந்து இடத்தை எடுத்துத் தடுப்புக்கல்லால் பிரிக்கப்பட்டது. மோட்டார் வண்டிகளிடமிருந்து இடம் பறிக்காமல் பாதுகாப்பு வராது என்பதை ஒப்புக்கொண்ட துணிவு அதில் உண்டு. ஆயினும் இத்தகைய பிரிப்பு எல்லோருக்கும் நன்மையே தந்ததெனக் கூறுவதற்கில்லை. பிரித்த தடங்கள் சில இடங்களில் பேருந்து நிறுத்தத்தின் பின்புறமாக வளைந்து செல்வதால், பயணிகள் அதைக் கடந்தே நிறுத்தத்தை அடைய வேண்டியுள்ளது. ஓசையின்றி வரும் மிதிவண்டியைப் பார்வையற்றோர் எவ்வாறு உணர்வர் என்ற கேள்விக்குக் கோடிட்ட கடவை மட்டும் போதிய விடையாகாது.

எனினும் பெருங்குறை பொறியியலில் இல்லை, ஆட்சியமைப்பில்தான் உள்ளது. மாநகரப் போக்குவரத்து அமைப்பான டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் ஏறத்தாழ 5 விழுக்காட்டுச் சாலைகளையே நிர்வகிக்கிறது. எஞ்சியவை பெரும்பாலும் ‘பரோ’ எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகளின் 32 மன்றங்களின் கையில் உள்ளன. ஸ்விஸ் காட்டேஜ் வழியாகத் திட்டமிடப்பட்ட பதினொன்றாம் பெருவழியை வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம் 2018 இல் நீதிமன்றம் சென்று தடுத்தது. கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் அமைத்த தற்காலிகத் தடத்தை அப்பகுதி மன்றம் 2020 டிசம்பரில், அமைத்துச் சில வாரங்களிலேயே அகற்றியது. மன்ற எல்லையில் தடம் முடிந்துவிட்டால், அதுவரை பாதுகாப்பாக வந்தவர் லாரிகளுக்கு நடுவே தள்ளப்படுகிறார். மேலும், மையத்துக்கு வேலைக்குச் செல்வோரை மனத்திற்கொண்டு வகுத்த இவ்வழிகள், வீட்டிலிருந்து பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் செல்லும் குறுந்தொலைவுப் பயணங்களைத் தொடக்கத்தில் பொருட்படுத்தவே இல்லை. வால்தம் ஃபாரஸ்ட் உட்பட மூன்று புறநகர் மன்றங்களுக்கு 2014 இல் தனி நிதி வழங்கப்பட்ட பிறகே, குடியிருப்புத் தெருக்களைக் குறுக்குவழியாகப் பயன்படுத்தும் கார்களைத் தடுத்து, தனித்தடமே தேவைப்படாதபடி தெருவை அமைதியாக்கும் வேலை அங்கே தொடங்கியது. பெருவழிகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை அது.