அத்துவேயின் மறுப்பு

சிலுவையும் வாளும் ஒரே கப்பலில் ஏறிச் சென்ற காலம் அது. அக்கப்பலில் சென்றவர்களில் ஒருவரே, கண்ட கொடுமைகளை ஏடாக்கித் தம் நாட்டு இளவரசன் முன் வைத்தார். பர்த்தலோமே தே லாஸ் காசாஸ் 1542-இல் எழுதி, 1552-இல் செவில் நகரில் அச்சேறிய சிறு நூல், அமெரிக்க மண்ணில் ஸ்பானியர் நடத்திய அழிவின் வரலாறு.

பாதிரியார் ஒருவரைப் பகுத்தறிவாளர் பாராட்டலாமா? தாராளமாக! நாம் பார்ப்பது அங்கியை அன்று, செய்கையை. 1502-இல் அங்கே சென்று, பழங்குடி மக்களின் கட்டாய உழைப்பில் வாழ்ந்தவர் அவர். 1511-இல் மோன்டெசினோஸ் என்னும் துறவி அக்கொடுமையை மேடையேறிக் கண்டித்தார். அப்போதும் இவர் மாறவில்லை. 1514-இல்தான் கியூபாவில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த மக்களை விடுவித்தார். பிறகு ஐம்பதாண்டுகள் ஓயாத போர்! பிறவியிலேயே சிலர் அடிமைகள் என்று அரிஸ்டாட்டிலைக் காட்டி வாதாடிய செபுல்வேடாவை 1550-இல் வல்லதோலித் நகரில் எதிர்த்து நின்றார். (அந்த வாதம், மநுவைப் படித்தவர்களுக்குப் புதிதன்று.)

ஆயினும் நூலின் உயிர் ஆசிரியரின் குரலில் இல்லை. அத்துவே என்ற குலத்தலைவனின் குரலில் இருக்கிறது. 1512-இல் கியூபாவில் அவனைக் கட்டையில் கட்டி எரிக்குமுன், துறவி ஒருவர் மோட்சத்தின் பெருமை பேசுகிறார். ஸ்பானியரும் அங்கே வருவார்களா என்று கேட்கிறான். நல்லவர்கள் வருவார்கள் என்கிறார். அப்படியானால் நரகத்துக்கே போகிறேன் என்கிறான்! தம் மதத்தைச் சுடும் இந்த மறுமொழியை மறைக்காமல் எழுதினாரே, அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்.

வணங்கியபின் கேட்கிறோம்: கொலைகளை வரிசைப்படுத்தும் ஏடு, கொலைகாரர்களின் பெயரை ஏன் பெரும்பாலும் விழுங்குகிறது? எண்ணிக்கைகளை ஏன் ஊதிப் பெருக்குகிறது? அரசனுக்குத் தெரிந்தால் அநீதி நின்றுவிடும் என்று ஏன் நம்புகிறது? 1542-இல் அரசன் புதிய சட்டங்கள் இயற்றினான். குடியேறிகள் கொதித்தெழுந்ததும், 1545-இல் அவற்றின் முதுகெலும்பையே முறித்துக்கொண்டான்.

இன்னொன்று. பழங்குடியினரின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் யோசனை சொன்னவரும் இவரே. ஒருவன் கழுத்து நுகத்தை இன்னொருவன் கழுத்துக்கு மாற்றுவது கருணையா? அது தவறென்று பின்னாளில் உணர்ந்து, தம் பெரிய வரலாற்று நூலில் வருந்தி எழுதினார். அவர் மறைந்தது 1566-இல். அந்நூல் அச்சேறியது 1875-இல். கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் அப்போதும் ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள்.