டன்பாரின் நரைத்த குதிரை

ஸ்காட்லாந்து மன்னன் நான்காம் ஜேம்ஸின் அவைக்களப் புலவர் வில்லியம் டன்பார். அவர்தம் பெருமை கூறப் புகுவோர், 1503-ஆம் ஆண்டில் அம்மன்னனுக்கும் இங்கிலாந்து இளவரசி மார்கரெட்டுக்கும் நிகழ்ந்த திருமணத்தைப் போற்றும் 'முட்செடியும் ரோசாவும்' என்னும் பாட்டையே முதற்கண் எடுத்துக்காட்டுவர். முட்செடி ஸ்காட்லாந்தின் சின்னம். ரோசா மணமகளின் குலச் சின்னம். அணிநலம் மிக்க பாட்டுத்தான். ஆயினும், அதில் அரண்மனை தெரிகிறதேயன்றிப் புலவர் தெரியவில்லை.

புலவரைக் காண விழைவோர், அவர் மன்னனிடம் பொருள் வேண்டிப் பாடிய சிறு பாட்டுகளையே படித்தல் வேண்டும். இவை வெறும் இரவலன் குரல் என ஒதுக்குவாரும் உளர். அக்கூற்று பொருந்தாது.

கிறிஸ்துமஸ் திருநாளில் அரண்மனைப் பணியாளர்க்கு ஆடை வழங்குவது அந்நாளைய வழக்கம். அதனை வேண்டும் பாட்டொன்றில் டன்பார் தம்மையே ஒரு கிழட்டுக் குதிரையாக்கிக் கொள்கிறார். பிற குதிரைகள் இலாயத்தில் இனிதிருக்க, இது வெளியே புல் மேய்ந்து மூத்தது. பிடரி மயிரும் வெளுத்துவிட்டது. இறந்தபின் தன் தோல் சக்கிலியர் கையிற் சிக்கி, அவர்தம் அழகற்ற ஈறுகளாற் கடிபடலாகாது என்று அது முறையிடுகிறது. படிப்போர்க்கு நகை பிறக்கிறது. மறுகணம் நெஞ்சு சுடுகிறது. உடலுக்கு ஆடை கேட்பவர் உடலின் தோலைப் பற்றிப் பேசுகிறாரன்றோ! கெஞ்சுதல் இங்கே கவிதையாகிவிட்டது.

பாட்டின் இறுதியில், அக்குதிரையை அழைத்து ஆடை அணிவிக்குமாறு பொருளாளர்க்கு மன்னன் ஆணையிடும் பகுதி ஒன்று உண்டு. அது மன்னனே பாடியதா, டன்பார் மன்னன் வாயில் வைத்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பின்னதாயின் நயம் இன்னும் மிகுதி. கொடையாளியின் ஆணையையும் இரவலரே எழுதித் தந்துவிட்டார்!

அவர் குறை கற்பனையன்று. 1500-இல் ஆண்டுக்கு 10 பவுனாக இருந்த உதவித்தொகை 1507-இல் 20 ஆகவும், 1510-இல் 80 ஆகவும் உயர்ந்தது உண்மையே. ஆனால், குருத்துவம் பெற்றிருந்த அவர் பன்முறை வேண்டியது வருவாயுள்ள ஒரு கோயிற் பதவியை. அது கிடைத்ததற்குச் சான்றில்லை. இரசவாதம் செய்த ஜான் டேமியனோ டங்லண்ட் மடத்தின் தலைவராகிவிட்டார்! அவர் இறகு கட்டிப் பறக்க முயன்று விழுந்ததை டன்பார் எள்ளி நகையாடிய பாட்டில் உள்ள கசப்பு, இதனை அறிந்தால்தான் விளங்கும்.

1513 செப்டம்பரில் பிளாடன் போர்க்களத்தில் மன்னன் மாண்டான். டன்பாருக்கு உதவித்தொகை அளித்த கடைசிக் குறிப்பும் அவ்வாண்டிற்குரியதே.