முழுமையில்லாத ஒரு கையெழுத்து

இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்குப் படக்கடைகள் போடுகிறார்கள். மாரியம்மன், முருகன், ராணுவ உடுப்பில் நேதாஜி. எல்லாம் சிவகாசி அச்சு. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள். காலண்டர்ப் படத்தின் இலக்கணம் அது. தோற்றவனுக்கு அதில் இடமில்லை; இருந்தால் மகிஷன் மாதிரி காலடியில்.

அதே ஊரில் ஒரு டீக்கடைச் சுவரில் இந்த இலக்கணத்துக்கு அடங்காத படம் ஒன்று, பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டமிட்டது. 1971 டிசம்பர் 16, டாக்கா ரேஸ்கோர்ஸ் மைதானம். நியாஸி குனிந்து கையெழுத்திடுகிறார். பக்கத்தில் அரோரா அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரப் பெரியவர் பட்டாளத்தில் இருந்தவர். படத்தின் கீழ் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

தளபதிகள் தங்கள் படத்தில் கையெழுத்திட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது பழைய சம்பிரதாயம். சமமானவர்களுக்குள் நடப்பது. நியாஸியும் அரோராவும் ஒரே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் வளர்ந்தவர்கள். நியாஸி பர்மா யுத்தத்தில் மிலிட்டரி கிராஸ் வாங்கியவர். 1945-இல் இவர்கள் அப்படிப் படம் மாற்றிக்கொண்டிருந்தால் யாருக்கும் வியப்பிருக்காது. 1971-இல் கையெழுத்து படத்தின் மேல் இல்லை, படத்துக்குள்ளேயே போய்விட்டது. இனி அதை யாருக்கும் பரிசளிக்க முடியாது.

நாள் முழுக்க மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. அதனால் ஜேக்கப் 1997-இல் வெளியிட்ட புத்தகத்தில் என்னை நிறுத்தியவை சில்லறை விஷயங்கள். நியாஸி முதலில் பெயரை முழுதாகப் போடவில்லை. அரோரா சொல்லித்தான் முடித்தார். பத்திரத்தில் நேரம் 16.31, ஜேக்கப்பின் கடிகாரத்தில் 16.55. இரண்டு வாரம் கழித்துக் கல்கத்தாவில் மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். என் கவுண்டருக்கு வந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். ஆனால் திருத்தியது பத்திரத்தை. படத்தில் இருப்பது அந்த முதல் கையெழுத்து, பாதியில் நிற்கப் பார்த்த கை. வெற்றியைச் சொல்லும் படத்தில் நம் கண் தோற்றவனின் கையிலேயே போய் நிற்கிறது. இதை நான் கலை அனுபவம் என்பேன். அந்தப் படத்தை எடுத்தவர் அப்படி நினைத்திருக்க வேண்டியதில்லை.

இந்தக் காட்சியின் ஓவியம் டில்லியில் ராணுவத் தலைமைத் தளபதியின் அறையில் இருந்தது. 2024 டிசம்பரில் அதை மானெக்‌ஷா மையத்துக்கு மாற்றினார்கள். அதுதான் அதற்குப் பொருத்தமான இடம் என்றது ராணுவம். ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் ஏற்கவில்லை. அறையில் இப்போது 'கரம் க்ஷேத்ரா'. பாங்காங் ஏரி, டாங்கிகள், கிருஷ்ணனின் தேர், சாணக்கியன். வரைந்தவர் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அதிகாரி. அவர் திறமை பற்றி எனக்குப் புகாரில்லை. ஆனால் தேரும் டாங்கியும் ஒரே தாளில் வருவது சிவகாசிக்காரனுக்குப் புதிதல்ல. தேதி கிழிக்கும் கட்டை மட்டும்தான் அதில் பாக்கி. அதில் யாரும் எதிலும் கையெழுத்திடவில்லை. ஒரு குறிப்பிட்ட மாலை, ஒரு குறிப்பிட்ட மேஜை, தப்பாக அச்சான ஒரு மணி நேரம், எதுவும் அதில் இல்லை. புராணத்துக்கு அவை தேவைப்படுவதில்லை. நம் கவிஞர்கள் பலருக்கும் தேவைப்படுவதில்லை; யுத்தம் என்றதும் குருக்ஷேத்திரத்துக்கு ஓடிவிடுகிறார்கள்.

பெரியவருக்கு எங்கள் கிளையில்தான் பென்ஷன். நவம்பரில் உயிர்ச் சான்றுக்கு வந்தபோது பார்த்தேன். வங்கியில் இங்கிலீஷில் போடுகிறார், பட்டாளத்தில் பழகிய கையெழுத்து. சுவரில் இருப்பதோடு அது ஒத்துப்போகவில்லை.