அற்பம், சில்லறை, வெளிப்படை: காஞ்சிபுரத்துச் சான்றுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 350க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படிக்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகக் கூடும். ஒருவர் விளக்கெரிக்க ஆடு கொடுத்திருப்பார். இன்னொருவர் நந்தவனத்துக்கு நிலம் விட்டிருப்பார். வேறொருவர் திருநாளில் அமுது படைக்கப் பொன் தந்திருப்பார். மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் நீக்கிவிட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இதே மாவட்டத்து உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (பொ.ஆ. 919, 921) வெட்டப்பட்ட குடவோலை முறைக் கல்வெட்டுகள் பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டன. விளக்குக்கு ஆடு கொடுத்தவர் அங்கே வரவில்லை. முன்னது முக்கியம், பின்னது அற்பம் என்று பிரித்த அளவுகோல் எது? எல்லாத் துறைகளுக்கும் அந்த அளவுகோல் ஒன்றுதானா?

ஆங்கிலத்தில் 'டிரிவியல்' என்ற ஒரே சொல் பல துறைகளில் வழங்குகிறது. மூன்று தெருக்கள் கூடும் இடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவர். தெருமுனையில் யாருக்கும் கிடைப்பது என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அதற்கு 'அற்பமான' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதுதான் முதல் பிழை. அற்பம் என்பதில் ஏளனம் இருக்கிறது. மூலச் சொல் எல்லா இடங்களிலும் ஏளனம் செய்வதில்லை.

கணிதத்தில் வெளிப்படை

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதப் பாடநூல் இந்தப் பிழையைச் செய்யவில்லை. சமப்படித்தான சமன்பாடுகளில் எல்லா மாறிகளுக்கும் பூச்சியம் இட்டால் சமன்பாடு நிறைவுறும். அந்தத் தீர்வை அது 'வெளிப்படைத் தீர்வு' என்கிறது. தேடாமலே கண்ணில் படுவது என்பதே பொருள். இழிவு ஏதும் இல்லை. ரீமன் சீட்டாச் சார்பின் பூச்சியங்களுள் −2, −4, −6 என்று போகும் எதிர் இரட்டை எண்களுக்கும் இதே அடைமொழிதான் உண்டு. அவை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, மற்றவற்றின் இடம்தான் சிக்கல் என்று அது சொல்கிறது.

இதற்கு அப்பால் மதிப்பீடாகவும் கணிதவியலர் இச்சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. ஜி. எச். ஹார்டி 1940இல் வெளியிட்ட 'ஏ மேத்தமெடீசியன்ஸ் அப்பாலஜி' என்னும் நூலில் 8712, 9801 ஆகிய எண்களை எடுத்துக்காட்டுகிறார். 2178ஐ நான்கால் பெருக்கினால் 8712. 1089ஐ ஒன்பதால் பெருக்கினால் 9801. தம்மையே திருப்பிப்போட்ட எண்ணின் மடங்காக அமையும் நான்கிலக்க எண்கள் இவை இரண்டு மட்டுமே. வேடிக்கைதான், ஆனால் கணிதவியலர் பொருட்படுத்தத்தக்கது அன்று என்பது ஹார்டியின் தீர்ப்பு. அவருடைய அளவுகோல் தெளிவானது: ஒரு முடிவு வேறு எத்தனை கருத்துகளோடு தொடர்பு கொள்கிறது என்பதே அதன் கனம்.

நல்ல அளவுகோல்தான். ஆனால் அதே ஹார்டி, மருத்துவமனையில் இருந்த ராமானுஜனைக் காண வந்தபோது, தாம் வந்த வாடகைக் காரின் எண் 1729 சுவையற்றது என்றார். இரு முப்படிகளின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே சொன்னார். 1729 என்பது 12, 1 ஆகியவற்றின் முப்படிகளின் கூட்டல். 10, 9 ஆகியவற்றின் முப்படிகளின் கூட்டலும் அதுவே. இக்கதையை ராமானுஜனின் அதிசய நினைவாற்றலுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தொடர்பு தெரியாதவருக்கு எண் சுவையற்றது. தொடர்பைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு அப்படியன்று. (சிறுவயதில் சிறிது காலம் ராமானுஜன் காஞ்சிபுரத்திலும் பள்ளிக்குப் போனவர் என்பது இவ்வூர் மாணவர்கள் பலருக்குத் தெரியாது.)

கல்வெட்டியலில் சில்லறை

சென்னை மாகாணத்தில் கல்வெட்டுகளை முறையாகத் திரட்டும் பணி 1886இல் ஹூல்ச் பொறுப்பேற்றதிலிருந்து தொடங்குகிறது. 1890இல் வந்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியிலேயே காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் இடம்பெற்றன. ஆனால் படியெடுத்தவை ஆயிரக்கணக்கில் பெருகின; பதிப்பிக்கும் கைகளோ சில. எனவே ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஓரிரு வரிச் சுருக்கம் தரும் வழக்கம் ஏற்பட்டது. 'விளக்கெரிக்க ஆடு கொடுத்ததைக் கூறுகிறது' என்ற அளவில் பல சுருக்கங்கள் முடிந்துவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியும் இல்லாவிட்டால் நமக்கு ஒன்றுமே இல்லை. எனினும் எதை விட வேண்டும் என்ற தீர்ப்பு அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆட்டைப் பொறுப்பேற்ற மன்றாடியின் பெயர், நெய் அளந்த அளவை, நிலத்தின் எல்லை ஆகியவைதான் பெரும்பாலும் விடுபட்டன.

விளக்குக் கொடைக் கணக்கையே பார்ப்போம். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, 48 பசு, 16 எருமை ஆகியவை ஒரே மதிப்புடையவை. நாள்தோறும் உழக்கு நெய் வந்துகொண்டிருக்க வேண்டும். இறந்ததற்கு ஈடாகக் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாதிருப்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் கூறும். கால்நடை, அதை மேய்ப்பவர், கோயில் மூன்றையும் இணைக்கும் முதலீட்டு ஏற்பாடு இது. ஒரு கல்வெட்டில் இது தெரியாது. நூறு கல்வெட்டுகளை அடுக்கினால் தெரியும்.

நொபோரு கராஷிமா செய்தது இதுதான். திருச்சிப் பகுதியிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, ஒன்றில் நிலம் ஊராரின் பொது உடைமையாகவும் பிரமதேயமான மற்றதில் தனியார் உடைமையாகவும் இருந்ததை 1966இல் காட்டினார். பின்னர் எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவை 1978இல் வெளியிட்டார். பெயர்ப் பட்டியலுக்கு மூன்று தொகுதிகளா என்று அன்றும் சிலர் நினைத்திருக்கக் கூடும். லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட நூலில், சோழர் காலக் கோயில் பெண்களை ஆடல் மகளிர் என்ற பழகிய படிமத்திலிருந்து விலக்கி, கொடையாளராக முன்னிறுத்தினார். சான்று எங்கிருந்து வந்தது? இந்தச் சலிப்பூட்டும் கொடைக் குறிப்புகளிலிருந்துதான்.

இவற்றுக்குப் பொருத்தமான சொல் அற்பம் அன்று, சில்லறை. சில்லறையை எண்ணிச் சேர்த்தால் நோட்டாகும். அற்பத்தை எத்தனை சேர்த்தாலும் அற்பமே.

அப்படியானால் எண்ணுவதெல்லாம் ஆய்வாகிவிடுமா? ஆகாது. இதையும் சொல்லாவிட்டால் என் வாதம் ஒருதலையாகிவிடும். ஒரு கோயிலின் கல்வெட்டுகளை மன்னர் வாரியாக, நூற்றாண்டு வாரியாக, கொடை வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டு, 'இதனால் மக்கள் இறைப்பற்று மிக்கவர் என அறியலாம்' என்று முடிக்கும் ஆய்வேடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே அற்பம் என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் குற்றம் ஆட்டின் மீது இல்லை. கராஷிமாவிடம் நிலம் யாருடையது என்ற கேள்வி இருந்தது. இந்த ஆய்வேட்டில் கேள்வியே இல்லை.

தறிக்கு அருகே அமர்ந்தவர்

காஞ்சிபுரத்தின் இன்னொரு அடையாளமான நெசவிலும் இதே பிரிவினை உண்டு. விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் பற்றிய நூல், தறி மீதான வரி போன்ற சிறு குறிப்புகளைத் திரட்டி எழுந்தது. 15ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம், விரிஞ்சிபுரம் கைக்கோளருக்குத் தண்டும் சங்கும் பயன்படுத்தும் உரிமை இருந்தது. பல்லக்கில் ஏறுவதும் சங்கு ஊதுவதும்தான். இன்று படித்தால் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் வேறு பகுதிக் கைக்கோளரும் அதே உரிமையைக் கேட்டுப் பெற்று, அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அவர்களுக்கு அது அற்பமாக இல்லை. ஒரு தொழிற்சமூகம் தன் தகுதியை உயர்த்திக்கொண்ட வரலாறு அந்தச் சங்கொலியில் இருக்கிறது.

இன்றைய காஞ்சிப் பட்டைப் பற்றிய எழுத்துகளோ பெரும்பாலும் யாளி, அன்னம், மயில், கோபுரக் கரை என்று உருவங்களையே சுற்றி வருகின்றன. கோர்வை நெசவில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கக் கரையின் நாடாவைக் கையாள நெசவாளர் அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். கூலி நெசவாளர் பெயரில் கணக்கிடப்படுவதால் அந்த இன்னொருவர் கணக்கில் பெரும்பாலும் தெரிவதில்லை. நீண்ட காலம் அவர் வீட்டுப் பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தார். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அதன் தலைப்பு 'ஸ்மால் சேஞ்ச்'. சில்லறை என்றே அதைத் தமிழாக்கலாம். பெற்றோர் வாங்கிய சிறு முன்பணத்துக்காகக் குழந்தையின் உழைப்பு கட்டுண்டது. கரையின் அழகை எழுதியவர்களுக்குக் கரையை ஓட்டிய கை ஆய்வுப் பொருளாகத் தோன்றவில்லை. அற்பம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேட்காமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

தள்ளிப்போட வேண்டிய தீர்ப்பு

ஹார்டியின் அளவுகோலைக் கணிதத்திலிருந்து இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்குக் காரணம் இப்போது தெளிவாகும். 8712ஐ இன்று ஒதுக்கினால் நட்டமில்லை. நூறு ஆண்டு கழித்து அதற்கு ஏதேனும் தொடர்பு தெரிய வந்தால் எண் அப்படியே இருக்கும். கல்வெட்டு அப்படி இராது. திருப்பணியின்போது மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்ததால் பல கோயில்களில் எழுத்துகள் தேய்ந்தன. சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறைந்தவை உண்டு. கல்லை மாற்றி அடுக்கியதில் பாதி வாசகம் தொலைந்தவையும் உண்டு. பேட்டி காணாமல் விட்ட பழைய கோர்வை உதவியாளரும் திரும்ப வரமாட்டார். அழியக்கூடிய சான்றுகளை நம்பும் துறைகளில், பதிவு செய்யும் கட்டத்தில் 'இது அற்பம்' என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்பேன். பதிவான பிறகு, கேள்வியை முன்வைத்துத் தாராளமாகச் சொல்லலாம்.

ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர் பழைய கல்வெட்டு ஆண்டறிக்கை ஒன்றை எடுத்து, தம் ஊர்க் கோயிலைப் பற்றிய ஒரு வரிச் சுருக்கங்களைக் குறித்துக்கொண்டு நேரில் சென்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். முழு வாசகம் அச்சேறாத கல்லில் மன்றாடியின் பெயரும் சாட்சிகளின் பெயரும் இன்னும் தெளிவாக இருக்கக் கூடும். சில சுவர்களில் கல் புதிதாக இருக்கும். அங்கே ஆண்டறிக்கையின் அந்த ஒரு வரிதான் மிச்சம்.