போஞ்சிக் கம்பும் நரம்பின் நுண்குழாயும்

வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களில் போஞ்சிக் கொடி கம்பைச் சுற்றி ஏறும்போது, தண்டு பிடிப்போடு நிற்கும். நுனி மட்டும் துழாவிக்கொண்டேயிருக்கும். கருவில் வளரும் நரம்புக் கலத்தின் அழகும் அதுதான். நீளும் இழைக்குள் டியூபுலின் புரதத்தாலான நுண்குழாய்களை டௌ, மெப்-1பி போன்ற புரதங்கள் நிலைநிறுத்துகின்றன. நுனியிலோ அக்குழாய்கள் கூடியும் குலைந்தும் வழி தேடுகின்றன. டௌ இல்லாத சுண்டெலிகளின் நரம்பு மண்டலம் பெரும்பாலும் இயல்பாகவே உருவானது என்று 1994இல் தெரியவந்தது. அப்படியானால் டௌ எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் 2000இல், டௌவும் மெப்-1பியும் சேர்ந்தே இல்லாத சுண்டெலிகளில் நரம்பிழைகளின் நீட்சி வெகுவாகக் குன்றியது. ஒன்றின் சுமையை மற்றொன்று தாங்கியிருக்கிறது என்றே கொள்கிறேன். இந்தக் கூட்டுழைப்பு வியக்கவைக்கிறது. உறுதி கூடக்கூட நல்லது என்றும் சொல்ல முடியாது: புற்றுநோய் மருந்தான டாக்சோல் அளவுமீறினால் நுண்குழாய்கள் குலையவே மாட்டா, இழையின் வளர்ச்சியும் தடைப்பட்டுவிடும்.